கடலடியில் ஒரு சிறிய எரிவாயு வயல்: கண்டுபிடிப்பு முதல் கிணற்றை மூடுவது வரை முழுமையான வழிகாட்டி

கடலுக்கடியில் எரிவாயு கிடைத்தது என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, எவ்வளவு இருக்கிறது என்பதுதான். பெரிய வயலுக்கு அந்தக் கேள்வி போதும். குழாய், மேடை, கரையில் ஆலை என்று எல்லாவற்றையும் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம், வயலே செலவைத் தாங்கும். சிறிய வயலில் முதலில் கேட்க வேண்டியது வேறு. பக்கத்தில் யாருடைய குழாய் போகிறது? அதில் இடம் இருக்கிறதா? அதன் அழுத்தம் எவ்வளவு? பல சிறு வயல்களின் தலையெழுத்தை அந்த அழுத்தம்தான் தீர்மானித்திருக்கிறது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

சிறியது என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட வரம்பு கிடையாது. இந்த வழிகாட்டிக்கு, 100 கோடி முதல் 500 கோடி கன மீட்டர் வரை வெளியே எடுக்கக்கூடிய வயல் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பிட்டுப் பார்க்க, நெதர்லாந்தில் 1959இல் கண்டுபிடிக்கப்பட்ட குரோனிங்கன் வயலில் இருந்தது ஏறக்குறைய 2.8 லட்சம் கோடி கன மீட்டர். அவ்வளவு பெரிய வயலைக் கையில் வைத்திருந்த அதே நாடுதான் 1974இல் சிறு வயல்களுக்கென்று தனிக்கொள்கை கொண்டுவந்தது. சிறு வயல்களின் எரிவாயுவை முதலில் வாங்கிக்கொள்வது, குரோனிங்கனைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைப்பது என்பது ஏற்பாடு. வாங்க ஆள் உறுதி என்றானதும் வட கடலின் டச்சுப் பகுதியில் சிறு வயல்கள் வரிசையாக உற்பத்திக்கு வந்தன.

எண்களோடு பேசினால்தான் விஷயம் புரியும். எனவே ஒரு கற்பனை வயலை எடுத்துக்கொள்வோம். கடல் ஆழம் 60 மீட்டர். கரை 45 கிலோமீட்டர் தொலைவில். 18 கிலோமீட்டரில் வேறொரு நிறுவனத்தின் பழைய மேடை. எரிவாயு உள்ள மணற்பாறை 2,000 மீட்டர் ஆழத்தில், 200 பார் (ஒரு பார் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) அழுத்தத்தில், 80 டிகிரி செல்சியஸில் இருக்கிறது.

1. வாங்குபவரையும் வழியையும் முதலில் பாருங்கள்

எண்ணெய் என்றால் ஒரு கப்பலில் நிரப்பி, விலை பிடித்த இடத்தில் விற்கலாம். எரிவாயுவை அப்படி வைத்திருக்க முடியாது. குழாயின் மறுமுனையில் எரிக்க ஆள் இருந்தால்தான் இந்த முனையில் வால்வைத் திறக்கலாம். அதனால் விற்பனை ஒப்பந்தத்தைக் கடைசி வேலையாக வைக்காதீர்கள். வயலின் அளவை அறிவதற்கான மதிப்பீட்டுக் கிணறு தோண்டும் முன்பே வாங்கக்கூடியவர்களோடு பேச்சைத் தொடங்கிவிடலாம்.

நம் வயல் நாளொன்றுக்கு 12 லட்சம் கன மீட்டர் தரும் என்று வைத்துக்கொண்டால், சுமார் 290 மெகாவாட் கூட்டுச் சுழற்சி மின்நிலையம் ஒன்றுக்கு அது போதும். ஒரே ஒரு வாங்குபவர் போதும் என்பது வசதிதான், ஆபத்தும் அதில்தான். மின்நிலையம் பராமரிப்புக்கு நின்றால் உங்கள் வருமானமும் நிற்கும். 'எடு, இல்லையேல் பணம் கொடு' என்ற விதி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியது இதற்காகத்தான். அதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஒப்புக்கொண்ட அளவை நீங்கள் தர முடியாமல் போனால் அபராதம் உங்கள் தலையில் விழும். பல வயல்கள் வைத்திருக்கும் நிறுவனம் ஒன்றில் குறைந்ததை இன்னொன்றிலிருந்து ஈடுகட்டும். நம்மைப்போல இரண்டு கிணறு மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே, விலை சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, இந்த வயலிலிருந்து வருவதை மட்டும் வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தமே சிறு வயலுக்கு நல்லது என்பேன்.

2. எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு வெளியே வரும்

அடியில் உள்ள அளவைக் கணக்கிடுவது பெருக்கல் கணக்குதான். பரப்பு 8 சதுர கிலோமீட்டர், எரிவாயு உள்ள மணலின் நிகர தடிமன் 20 மீட்டர், பாறையில் நுண்துளைகளின் பங்கு 22 சதவீதம், அந்தத் துளைகளில் எரிவாயு 70 சதவீதம். அடியில் 200 பாரில் இறுகிக் கிடக்கும் ஒரு கன மீட்டர் மேலே வந்தால் ஏறக்குறைய 175 கன மீட்டராக விரியும். எல்லாவற்றையும் பெருக்கினால் 430 கோடி கன மீட்டர் கிடைக்கும்.

இதில் உறுதியான எண் அநேகமாக அந்த 175 மட்டும்தான். பரப்பு நில அதிர்வு ஆய்வுப் படத்திலிருந்து வருகிறது. அந்தப் படத்தில் எரிவாயு உள்ள இடம் பளிச்சென்று தெரியும், அதுதான் கண்ணைக் கட்டும். பாறைத் துளைகளில் சில சதவீதம் எரிவாயு கலந்திருந்தாலே ஒலியலையின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் விற்கத் தகுந்த வயலும், சோடாத் தண்ணீர்போலக் குமிழி மட்டும் உள்ள பாறையும் படத்தில் ஒன்றுபோலவே மின்னும். வித்தியாசத்தைக் கிணறுதான் சொல்லும்.

கிணறு தோண்டியபின் செய்ய வேண்டிய மலிவான, ஆனால் மிகப் பயனுள்ள வேலை, வெவ்வேறு ஆழங்களில் அழுத்தத்தை அளப்பது. தண்ணீரில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் ஏறக்குறைய 1 பார் ஏறும். நம் எரிவாயுவில் 10 மீட்டருக்கு 0.12 பார்தான் ஏறும். இரண்டு கோடுகளையும் வரைந்தால் அவை வெட்டும் ஆழமே எரிவாயுவும் தண்ணீரும் சந்திக்கும் மட்டம். கிணறு அந்த மட்டத்தைத் தொடாவிட்டாலும், பக்கத்தில் எங்காவது அதே நீர்ப்படுகையின் அழுத்தம் அளந்திருந்தால் கணக்கு வந்துவிடும்.

அப்புறம் உற்பத்திச் சோதனை. கிணற்றை வெவ்வேறு வீதங்களில் ஓடவிட்டு, பின் மூடி, அழுத்தம் எப்படி மீண்டு வருகிறது என்று பார்ப்பது. மீள்வது எதிர்பார்த்த மட்டத்துக்கு வராமல் நின்றால் சந்தேகப்படுங்கள். பாறை பிளவுகளால் அறைகளாகப் பிரிந்திருக்கலாம், உங்கள் கிணறு ஒரு சிறு அறையில் மட்டும் உட்கார்ந்திருக்கலாம்.

இதில் ஏமாறுவது சிறியவர்கள் மட்டும் இல்லை. கிருஷ்ணா-கோதாவரி படுகையின் ஆழ்கடலில் உள்ள கேஜி-டி6 தொகுதியின் டி1, டி3 வயல்கள் 2009 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கின. திட்டமிட்டது நாளொன்றுக்கு 8 கோடி கன மீட்டர். 2010இல் 6 கோடியை எட்டிய பிறகு வேகமாகச் சரிந்தது, கிணறுகளில் தண்ணீரும் மணலும் புகுந்தன, 2020 பிப்ரவரியில் உற்பத்தி முற்றிலும் நின்றது. அத்தனை பெரிய திட்டத்துக்கே இந்த நிலை என்றால், இரண்டு கிணற்று வயலில் பாறையைப் பற்றிய ஒரு தவறான அனுமானம் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் நிறைய மதிப்பீட்டுக் கிணறுகள் தோண்டலாமா? அதுவும் முடியாது. ஒவ்வொரு கிணறும் வயலின் லாபத்தில் ஒரு பெரிய துண்டைத் தின்றுவிடும். நடைமுறையில் செய்வது இதுதான்: முதல் உற்பத்திக் கிணற்றையே மதிப்பீட்டுக் கிணறாகவும் வடிவமைப்பது. மோசமாக இருந்தால் மூடிவிட்டுப் போகலாம், நன்றாக இருந்தால் அதையே உற்பத்திக்கு வைத்துக்கொள்ளலாம்.

3. எரிவாயுவோடு வேறென்ன வருகிறது

சோதனையின்போது எடுத்த மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவதில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். கார்பன் டை ஆக்சைடு இருந்தால் தண்ணீரோடு சேர்ந்து சாதாரண எஃகை அரிக்கும், கிணற்றுக் குழாய்க்கு 13 சதவீத குரோமியம் கலந்த எஃகு தேவைப்படும். ஹைட்ரஜன் சல்பைடு இருந்தால் விஷயம் இன்னும் தீவிரம். அது எஃகை விரிசல்விடச் செய்யும். அதைவிட, மனிதரைக் கொல்லும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை நெருங்கினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். பாதரசம் மிகச் சிறிய அளவில் இருந்தாலும் கரை ஆலையின் அலுமினிய வெப்பப் பரிமாற்றிகளை அழித்துவிடும், அதையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

எந்தக் குழாயில் சேரப் போகிறீர்களோ அந்தக் குழாய்க்காரர் ஏற்கும் தர அளவுகளை வாங்கி, ஆய்வக முடிவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுத்திகரிப்பு அலகு தனியாகக் கட்ட வேண்டும் என்ற நிலை வந்தால் பல சிறு வயல்களின் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். நம் வயலில் கார்பன் டை ஆக்சைடு சிறிதளவு, ஹைட்ரஜன் சல்பைடு இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

4. எப்படிப்பட்ட கட்டமைப்பு

வழிகள் நாலைந்துதான். ஆழம் குறைந்த கடலில் ஆளில்லாச் சிறு மேடை ஒன்றை நிறுத்தி, குழாய் மூலம் பக்கத்து மேடையோடு இணைப்பது ஒன்று. கிணற்றுத் தலையைக் கடலடியிலேயே வைத்து, கட்டுப்பாட்டுக் கேபிள் மூலம் இயக்குவது இன்னொன்று. நேராகக் கரைக்கே குழாய் போடுவது மூன்றாவது. நார்வேயின் ஸ்னோவிட் வயலில் கடலடிக் கிணறுகளிலிருந்து 143 கிலோமீட்டர் குழாய் நேரே கரைக்கு வருகிறது, மேலே மேடையே கிடையாது. ஆனால் அது பெரிய வயல், அந்தச் செலவைத் தாங்கியது.

நான்காவது, எரிவாயுவைக் கடலிலேயே குளிர்வித்துத் திரவமாக்கும் மிதக்கும் திரவமாக்கல் கப்பல். மலேசியாவின் பி.எஃப்.எல்.என்.ஜி. சாத்து 2016இல் சரவாக் கடலில் கனோவிட் வயலில் வேலையைத் தொடங்கி, 2019இல் சபா கடலின் கெபாபாங்கான் வயலுக்கு இடம்பெயர்ந்தது. ஒரு வயல் முடிந்தால் அடுத்ததற்குப் போகலாம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. அதன் திறன் ஆண்டுக்கு 12 லட்சம் டன். அதற்கு ஆண்டுக்கு 160 கோடி கன மீட்டர் எரிவாயு வேண்டும். நம் வயல் இரண்டு ஆண்டு தாங்குவதே கடினம். சிறு வயலுக்கு என்று பேசப்படும் தீர்வுகளில் பல உண்மையில் நடுத்தர வயலுக்கானவை என்பதை இங்கே கவனியுங்கள்.

நம் 60 மீட்டர் ஆழத்துக்கு நான் ஆளில்லா மேடையைத்தான் எடுப்பேன். வட கடலின் தெற்குப் பகுதியில் இப்படிப்பட்டவை ஏராளம். தங்குமிடம் இல்லை. சூரியப் பலகையும் மின்கலமும் போதும். எரிவாயுவைப் பிரித்தெடுக்கும் கருவி எதுவும் இல்லை. அளவுமானி, வால்வுகள், கட்டுப்பாட்டுப் பெட்டி, சிறு கிரேன், அவ்வளவுதான். பராமரிப்புக்குக் குழு படகில் வந்து பகலில் வேலை முடித்துத் திரும்பும். வடிவமைப்புக் கூட்டங்களில் ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு கருவியைச் சேர்க்கச் சொல்லும். ஒவ்வொன்றும் எடை, ஒவ்வொன்றும் பராமரிக்க ஒரு பயணம். 'இது இல்லாவிட்டால் என்ன ஆகும்?' என்ற கேள்விக்குப் பாதுகாப்பு சார்ந்த பதில் வராவிட்டால் வெட்டிவிடுங்கள்.

கடலடிக் கிணறு தொடக்கத்தில் மலிவாகத் தெரியலாம். ஆனால் பின்னாளில் அதற்குள் கருவி இறக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் ரிக்கோ (கிணறு தோண்டும் மேடை) தனிக் கப்பலோ வர வேண்டும். வயதான எரிவாயுக் கிணறுக்கு அடிக்கடி கைவைத்தியம் தேவைப்படும். அது ஏன் என்று 10ஆம் படியில் வருகிறது.

5. பக்கத்து மேடைக்காரரோடு ஒப்பந்தம், அழுத்தக் கணக்கு

இந்தப் படியில்தான் சிறு வயல் பிழைக்கிறது அல்லது சாகிறது. எனவே நிதானமாகப் பார்ப்போம்.

எரிவாயு வயல் என்பது ஒரு அழுத்தச் சேமிப்பு. எடுக்க எடுக்க அழுத்தம் குறையும், ஒரு கட்டத்தில் பக்கத்து மேடையின் அழுத்தத்தை எதிர்த்து எரிவாயுவால் உள்ளே நுழைய முடியாது. அங்கே உற்பத்தி நிற்கும். மிச்சமிருப்பது பூமிக்கடியிலேயே தங்கிவிடும். தண்ணீர் உள்ளே தள்ளாத வயலில், எடுத்த பங்கைக் கணக்கிட எளிய வழி உண்டு. அழுத்தத்தை எரிவாயுவின் அமுக்கக் காரணியால் (உண்மை வாயு இலட்சிய வாயுவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் எண்) வகுத்து, தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் ஒப்பிட்டால் போதும்.

நம் வயலில் தொடக்கம் 200 பார், காரணி 0.92, ஈவு 217. பக்கத்து மேடை 60 பாரில் வாங்குகிறது என்றால், குழாயிலும் கிணற்றிலும் இழப்பதைச் சேர்த்து அடியில் 80 பார் இருக்கும்போதே நாம் நிறுத்த வேண்டியிருக்கும். அப்போது ஈவு 84. எடுத்தது 61 சதவீதம், அதாவது 263 கோடி கன மீட்டர். அங்கே ஒரு கம்ப்ரசர் வைத்து, வாங்கும் அழுத்தத்தை 25 பாருக்கு இறக்கினால் அடியில் 40 பார் வரை போகலாம். ஈவு 41, எடுத்தது 81 சதவீதம், 349 கோடி. வித்தியாசம் 86 கோடி கன மீட்டர். நாளொன்றுக்கு 12 லட்சம் என்ற உச்ச வீதத்தில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு உற்பத்தி அது. புதிதாக ஒரு கிணறும் தோண்டாமல் கிடைப்பது.

தண்ணீர் வலுவாகத் தள்ளும் வயலில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே அழுத்தம் அதிகம் குறையாது, ஆனால் முன்னேறும் தண்ணீர் எரிவாயுவைத் துளைகளில் சிறைபிடித்துக்கொண்டு போகும். மீட்பு 50, 60 சதவீதத்தோடு நின்றுவிடலாம். தொடக்கத்தில் அழுத்தம் குறையவில்லையே என்று மகிழ்ச்சியடைவது இங்கேதான் ஆபத்து.

சரி, ஒப்பந்தத்துக்கு வருவோம். பேச்சுவார்த்தையில் எல்லோரும் கட்டணத்தைப் பற்றித்தான் அதிகம் சண்டையிடுவார்கள். என் பார்வையில் கட்டணத்தைவிட மூன்று விஷயங்கள் முக்கியம். உங்களுக்குத் தருவது உறுதியான இடமா, அல்லது அவர்களின் சொந்த எரிவாயு போக மிஞ்சும் இடமா? அழுத்தத்தை எந்த ஆண்டில் எவ்வளவு இறக்குவார்கள், அதற்கான கம்ப்ரசர் செலவு யாருடையது? அவர்களின் சொந்த வயல் முதலில் வறண்டுபோனால் மேடையை யார் நடத்துவது?

மூன்றாவது கேள்வியைக் கேட்கப் பலர் மறந்துவிடுவார்கள். பழைய மேடையை நடத்தும் செலவு அதில் பாயும் எல்லா வயல்களின் மேலும் பகிரப்படும். மற்றவை ஒவ்வொன்றாக நின்றால் கடைசியில் இருப்பவர் தலையில் முழுச் செலவும் விழும், உங்கள் கிணறுகள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கடையைச் சாத்த வேண்டி வரும். அதே விஷயம் உங்களுக்கு ஆயுதமும்கூட. உங்கள் எரிவாயு வந்தால் அந்த மேடையின் ஆயுள் நீளும், அதைக் கழற்றி அகற்றும் பெரும் செலவு அவர்களுக்குத் தள்ளிப்போகும். அந்த லாபம் அவர்களுக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு பேச உட்காருங்கள்.

6. ஹைட்ரேட்

எரிவாயுவும் தண்ணீரும் குளிரும் அழுத்தமும் சேர்ந்தால் பனிக்கட்டிபோல ஒரு திடப்பொருள் உருவாகும். பூஜ்யத்துக்கு மேலான வெப்பத்திலும் உருவாகும் என்பதுதான் தொல்லை. தூய மீத்தேனுக்கு 4 டிகிரியில் 40 பார் போதும், ஈத்தேனும் புரொப்பேனும் கலந்தால் அதற்கும் குறைந்த அழுத்தத்திலேயே வரும். ஒரு கன மீட்டர் ஹைட்ரேட்டில் 160 கன மீட்டருக்கு மேல் எரிவாயு அடைந்திருக்கும். 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் மக்கோண்டோ கிணறு வெடித்தபோது, கசிவைப் பிடிக்க இறக்கிய பெரிய எஃகுக் கூண்டு ஹைட்ரேட் அடைத்துத்தான் பயனற்றுப் போனது.

நம் வயல் எரிவாயு 80 டிகிரியில், ஈரம் ஏறிய நிலையில் மேலே வரும். குளிரக் குளிர அந்த ஈரம் தண்ணீராகப் பிரியும், நாளொன்றுக்குச் சில டன். ஓடிக்கொண்டிருக்கும்போது கிணற்றுச் சூடு காப்பாற்றும். ஆபத்தான நேரம், நின்றுபோன கிணற்றை மீண்டும் திறக்கும் நேரம். கிணற்றுத் தலையில் 170 பார், குழாயில் 70 பார், எரிவாயு ஆறிப்போய் 15 டிகிரியில் நிற்கிறது. கட்டுப்பாட்டு வால்வைத் திறந்தால் 100 பார் ஒரே இடத்தில் விழும். பார் ஒன்றுக்கு ஏறக்குறைய 0.4 டிகிரி குறையும் என்றால், வால்வுக்கு அப்பால் மைனஸ் 25ஐ ஒட்டி. சில நிமிடங்களில் அடைத்துக்கொள்ளும்.

இதற்கு மருந்து, வால்வைத் திறக்கும் முன்பே மெத்தனாலையோ மோனோ எத்திலீன் கிளைக்காலையோ வால்வுக்கு முன்னால் செலுத்துவது. வரிசை முக்கியம்: முதலில் பம்ப், மருந்து போய்ச் சேர்ந்தது உறுதியானபின் வால்வு. மெத்தனால் வேகமாக வேலை செய்யும், ஆனால் எரிவாயுவோடு கலந்து போய்விடும், திரும்பக் கிடைக்காது. சிறு வயலுக்குத் தொடக்க நேரங்களில் மட்டும் மெத்தனால், தொடர்ந்து செலுத்த கிளைக்கால் என்பது பொதுவான ஏற்பாடு. கிளைக்காலைப் பக்கத்து மேடையில் சூடாக்கித் தண்ணீரைப் பிரித்து மறுபடி அனுப்பலாம். அடியிலுள்ள உப்புத் தண்ணீர் கிணற்றில் வரத் தொடங்கினால் அந்தச் சூடாக்கியில் உப்பு படிந்து தொல்லை தரும் என்பதை ஒப்பந்தத்திலேயே பேசிக்கொள்ளுங்கள்.

அடைப்பு ஏற்பட்டேவிட்டால் ஒரு பக்க அழுத்தத்தை மட்டும் இறக்கி இழுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தடுத்து நிறுத்துங்கள். அழுத்த வித்தியாசத்தில் அந்தக் கட்டி குண்டுபோலப் பாய்ந்து குழாய் வளைவை உடைத்துவிடும், இதில் உயிர்கள் போயிருக்கின்றன. இரண்டு பக்கமும் சமமாக, மெதுவாக இறக்கி, தானாகக் கரையும்வரை காத்திருக்க வேண்டும். நாட்கணக்கில் ஆகும்.

7. பணம், அனுமதி, முடிவு

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, மீனவர்களோடு கலந்தாலோசனை, மேடையைச் சுற்றிப் பாதுகாப்பு வலயம் ஆகியவற்றுக்கு ஆகும் காலத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். கடல் சட்டத்துக்கான ஐ.நா. உடன்படிக்கை இந்த வலயத்துக்கு 500 மீட்டர்வரை இடம் தருகிறது. மீன்பிடிப் பகுதியாக இருந்தால் குழாய்ப் பாதையைத் தேர்ந்தெடுக்கும்போதே அவர்களிடம் பேசிவிடுவது நல்லது, பிறகு மாற்றுவது பெரும்பாடு.

முதலீட்டு முடிவுக்குப் பொதுவாக எடுப்பது நடுத்தர மதிப்பீட்டை. அதாவது உண்மை அளவு அதைவிடக் கூடவோ குறையவோ இருக்கச் சமவாய்ப்பு. சிறு வயலில் அது போதாது. பத்தில் ஒன்பது வாய்ப்புள்ள குறைந்த மதிப்பீட்டிலும் போட்ட பணம் திரும்ப வருமா என்று பாருங்கள். வராவிட்டால், இரண்டாவது கிணற்றைத் தள்ளிவைப்பது, மேடையை வாடகைக்கு எடுப்பது, பக்கத்திலுள்ள இன்னொரு சிறு வயலோடு சேர்ந்து ஒரே குழாய் போடுவது போன்றவற்றை யோசியுங்கள். அப்படியும் வரவில்லையா, விட்டுவிடுங்கள். கண்டுபிடிப்புக்கு ஏற்கெனவே செலவான பணம் இந்தக் கணக்கில் வரக் கூடாது. அது போனது போனதுதான்.

8. கிணறு

கால் ஊன்றும் ஜாக்-அப் ரிக் நம் ஆழத்துக்குப் பொருந்தும். அதை வரவழைத்துத் திருப்பி அனுப்பும் செலவே கணிசமானது என்பதால், அதே பகுதியில் தோண்டப்போகும் வேறு நிறுவனங்களோடு சேர்ந்து ஒரே ரிக்கைப் பகிர்வது சிறியவர்களின் பழைய தந்திரம். கால்கள் ஊன்றும் இடத்தில் கடலடி மண்ணைச் சோதியுங்கள், மேலே கெட்டியும் கீழே சேறுமாக இருந்தால் ஒரு கால் திடீரென்று உள்ளே இறங்கிவிடும்.

மேல் அடுக்குகளிலேயே சிறு எரிவாயுப் பைகள் இருக்கலாம். அந்த ஆழத்தில் வெடிப்புத் தடுப்பான் இன்னும் பொருத்தப்பட்டிருக்காது, பொருத்தினாலும் மேல்மண் அழுத்தத்தைத் தாங்காது. பிரிட்டிஷ் வட கடலின் 22/4பி தொகுதியில் 1990இல் தோண்டும்போது இப்படி ஒரு பை வெடித்துக் கடலடியில் பெரிய பள்ளமே ஏற்பட்டது, பல ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கிருந்து மீத்தேன் கசிந்தது. ஆழம் குறைந்த அடுக்குகளுக்கென்று தனி நில அதிர்வு ஆய்வு செய்து, சந்தேகமான இடத்திலிருந்து கிணற்றைச் சில நூறு மீட்டர் தள்ளிவைப்பது மலிவான காப்பீடு.

கிணற்றை நிறைவு செய்யும்போது, எரிவாயு உள்ளே வரக் குழாயில் துளையிடும் பகுதியைத் தண்ணீர் மட்டத்திலிருந்து எவ்வளவு மேலே வைக்க முடியுமோ அவ்வளவு மேலே வையுங்கள். மணல் தளர்வாக இருந்தால் சல்லடை அல்லது சரளை அடைப்பு தொடக்கத்திலேயே வேண்டும். வேகமான எரிவாயுவில் வரும் மணல், வளைவுகளை உள்ளிருந்து அறுத்துவிடும். குழாய் மரைகள் எரிவாயு கசியாத வகையாக இருக்கட்டும், எண்ணெய்க் கிணற்று மரை இங்கே போதாது.

9. குழாய், மேடை, தொடக்கம்

18 கிலோமீட்டருக்கு 10 அங்குலக் குழாய். வெளியே அரிப்புக் காப்புப் பூச்சு, மிதக்காமலும் அலையில் நகராமலும் இருக்க கான்கிரீட் உறை, ஆங்காங்கே, தாம் அரிபட்டு எஃகைக் காக்கும் அலுமினிய நேர்மின்வாய்கள். குழாய் பதிக்கும் கப்பலுக்குக் கிடைக்கும் அமைதியான பருவம் குறுகியது, அதைத் தவறவிட்டால் ஓராண்டு தள்ளிப்போகலாம். எனவே கால அட்டவணையைப் பின்னாலிருந்து, அந்தப் பருவத்திலிருந்து எழுதத் தொடங்குங்கள். பதித்தபின் தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை, பிறகு தண்ணீரை வெளியேற்றி உலர்த்தி நைட்ரஜன் நிரப்புவது. உலர்த்துவதில் அவசரப்பட்டால் முதல் நாளே ஹைட்ரேட்டைச் சந்திப்பீர்கள்.

ஒரு வால்வை மட்டும் செலவுக் குறைப்புப் பட்டியலில் சேர்க்காதீர்கள். 1988 ஜூலை 6 அன்று வட கடலின் பைப்பர் ஆல்ஃபா மேடையில் பராமரிப்பிலிருந்த ஒரு பம்பை இயக்கியதில் தொடங்கிய தீ 167 பேரைக் கொன்றது. பக்கத்து மேடைகளோடு இணைந்த குழாய்களிலிருந்த எரிவாயு வெடித்து எரிந்ததே அதை அவ்வளவு பெரிதாக்கியது. அதற்குப் பிறகு, மேடைக்கு அருகே கடலடியில் குழாயைத் துண்டிக்கும் வால்வு என்பது தீவிரமாகப் பரிசீலிக்க வேண்டிய விஷயமாகிவிட்டது. உங்கள் மேடையில் ஆள் இல்லாமல் இருக்கலாம், பக்கத்து மேடையில் இருக்கிறார்கள். 18 கிலோமீட்டர் குழாயில் அழுத்தத்தோடு நிற்கும் எரிவாயு முழுவதும் அவர்கள் காலடியில்தான் முடிகிறது.

10. ஓட்டுவது, இறங்குமுகம்

முதல் சில ஆண்டுகள் சுலபம். அழுத்தத்தை மாதந்தோறும் பதிவு செய்து, எடுத்த அளவுக்கு எதிராக அந்த ஈவைக் கோடாக வரையுங்கள். நேர்கோடு எங்கே பூஜ்யத்தைத் தொடும் என்று பார்த்தால், அடியில் உண்மையில் எவ்வளவு இருந்தது என்று தெரியும். 430 கோடி என்ற நம் மதிப்பீடு சரியா என்ற கேள்விக்கு விடை இங்கேதான் கிடைக்கும்.

பிறகு தண்ணீர்த் தேக்கம். எரிவாயு மேலே வரும் வேகம் குறைந்தால் அதோடு வரும் தண்ணீர்த் துளிகளைத் தூக்க முடியாமல் போகும், துளிகள் கீழே விழுந்து கிணற்றின் அடியில் தேங்கி எரிவாயுவை அமுக்கும். 1969இல் டர்னர், ஹப்பார்ட், டக்லர் மூவரும் தந்த வாய்பாடு இன்றும் பயனில் இருக்கிறது. அதன்படி 60 பார் தலை அழுத்தத்தில் தண்ணீரைத் தூக்க விநாடிக்குச் சுமார் 3 மீட்டர் வேகம் வேண்டும். 5½ அங்குல உற்பத்திக் குழாயில் அது நாளொன்றுக்கு 2 லட்சம் கன மீட்டரை ஒட்டி. நம் கிணறு ஒவ்வொன்றும் 6 லட்சத்தில் தொடங்கியது, இறங்கி 2 லட்சத்தை நெருங்கும்போது உற்பத்தி வரைபடம் ரம்பப்பல்லாகத் துள்ளத் தொடங்கும். அதுதான் அறிகுறி.

உள்ளே 3½ அங்குலக் குழாய் ஒன்றை இறக்கினால் தேவைப்படும் வீதம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சற்றே வரும். நுரை தரும் வேதிப்பொருளைச் செலுத்தலாம். சில மணி நேரம் மூடி, அழுத்தம் ஏறியபின் திறந்து ஓட்டலாம். மேடையில் கிணற்றுத் தலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் இவையெல்லாம் சிறு படகும் சிறு குழுவும் வைத்துச் செய்யும் வேலைகள். கடலடிக் கிணற்றில் ஒவ்வொன்றும் ஒரு திட்டம். கம்ப்ரசருக்கான நேரமும் இதுதான். தேக்கம் முற்றியபின் வைப்பதைவிட, அறிகுறி தெரியும் முன்பே வைப்பது மீட்பைக் கூட்டும்.

11. மூடுவது

வருமானம் நடத்தும் செலவுக்குக் கீழே போகும் மாதம் வந்தே தீரும். மூடும் செலவைக் கடைசி ஆண்டில் தேடினால் கிடைக்காது. அப்போது வயலில் பணம் இருக்காது. உற்பத்தி நன்றாக இருக்கும்போதே ஒவ்வொரு ஆண்டும் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள், கூட்டாளிகளிடமும் அதற்கான உத்தரவாதம் வாங்குங்கள். சிறு வயல்களில் கூட்டாளி ஒருவர் திவாலாகி, அவர் பங்குச் செலவு மற்றவர் தலையில் விழுவது நடக்கக்கூடியதே.

வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகளின் ஓஸ்பார் அமைப்பு 1998இல் எடுத்த முடிவின்படி, பயன்பாடு முடிந்த கட்டமைப்புகளைக் கடலில் விடக் கூடாது. எஃகு மேடைகளில், கால் சட்டகம் 10,000 டன்னுக்கு மேற்பட்ட பழைய மேடைகளுக்குத்தான் விலக்குக் கேட்க இடம் உண்டு. நம் மேடை அதில் ஒரு சிறு பங்குகூட இருக்காது, முழுவதும் எடுக்க வேண்டும். கவிழ்த்த வாளிபோல மண்ணில் இறங்கி நிற்கும் உறிஞ்சு வாளி வகை அடித்தளம் போட்டிருந்தால், நிறுத்தும்போது வெளியே உறிஞ்சிய தண்ணீரை இப்போது உள்ளே செலுத்தினால் மண்ணிலிருந்து கழன்று வரும். அதைச் சரிபார்த்து வேறு வயலில் நிறுத்தவும் முடியும்.

கிணறுகளில் எரிவாயு அடுக்குக்கு மேலே, ஊடுருவாத பாறை இருக்கும் ஆழத்தில், சிமென்ட் அடைப்பு போட்டு அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். பெரும்பாலும் இங்கே சிக்கலாவது, எஃகுக் குழாய்க்கு வெளியே பல ஆண்டுகளுக்கு முன் போட்ட சிமென்ட் சரியாகப் பிடித்திருக்கிறதா என்பது. தோண்டிய நாளில் எடுத்த சிமென்ட் பதிவு கையில் இருந்தால் வேலை சில நாளில் முடியும். பதிவு இல்லாவிட்டால் குழாயை வெட்டி அரைத்து, புதிதாகச் சிமென்ட் இட வேண்டியிருக்கும், ரிக் வாடகை அத்தனை நாளும் ஓடும். எனவே 8ஆம் படியில் கிணறு தோண்டும்போதே அந்தப் பதிவுகளை எடுத்து, நிறுவனம் கைமாறினாலும் தொலையாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.